‘நீ எந்தப் பாதி?’: அம்ரிதா, ஃப்ரீடா, ஆனைக்குட்டம்



அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்காக ஆனைக்குட்டத்தில் எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் ஒரு சின்ன ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு, ‘எங்கள் குடும்பம்’. சிவகாசி அச்சகங்களில் கழித்துப் போட்ட காலண்டர் அட்டைகளைத்தான் வரையும் தாளாக எடுத்துக்கொண்டோம். முன்பக்கம் சிவந்த மேனி லட்சுமி. பின்பக்கம் எங்கள் பிள்ளைகள் வரைந்த கருத்த முகங்கள்.

அதில் ஒரு கல்லூரி மாணவியின் படம் எல்லோரையும் நிற்க வைத்தது. நடுவில் அவள். மேலே அப்பாவும் அம்மாவும். அதற்கும் மேலே தாத்தா பாட்டிகளுக்காக நான்கு சட்டங்கள். நான்கில் ஒன்றில் மட்டும் முகம் இருந்தது. அது அப்பாவைப் பெற்ற பாட்டி. வாக்காளர் அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பார்த்து வரைந்தது. மற்ற மூன்றும் காலி. அப்பாவைப் பெற்ற தாத்தாவை யாரும் எப்போதும் படம் எடுத்ததில்லை. அம்மாவைப் பெற்றவர்களுக்குப் படம் இருக்கிறது, ஆல்பமே இருக்கிறது. ஆனால் அது ஆதிக்கச் சாதித் தெருவில் ஒரு வீட்டுப் பீரோவில் இருக்கிறது. எங்கள் தெருப் பையனைக் கட்டிக்கொண்டு அம்மா வெளியேறிய நாளிலிருந்து அந்த வீட்டின் கதவு திறக்கவில்லை.

தெருப் பெரியவர் ஒருவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏந் தாயி, இதுல நீ எந்தப் பாதி?” என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். “தெரியல பெரியப்பா” என்றாள் அவள்.

அன்று நாங்களும் பதில் சொல்லவில்லை. கேள்வி மட்டும் எங்களோடு வந்துவிட்டது. சாதி மறுத்து மணந்தவர்களின் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில், கல்லூரியில், தாலுகா அலுவலகத்தில், பெண் பார்க்கும் இடத்தில், ஏன், இயக்கத்துக்குள்ளும்கூட என்றாவது ஒருநாள் கேட்க நேரும் கேள்வி அது. அதற்கு விடை தேடி நாம் கொஞ்சம் வரலாற்றுக்குள் போவோம். இரண்டு நாட்டு ரத்தம் ஓடிய ஒரு இளம் ஓவியரிடமிருந்து தொடங்கலாம்.

புடாபெஸ்டில் பிறந்த இந்திய ஓவியர்

அம்ரிதா ஷெர்கில் 1913 ஜனவரி 30 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். தந்தை உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் மஜீதியா குடும்பத்துச் சீக்கியப் பிரபு, சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர், புகைப்படக் கலைஞர். தாய் மரீ அன்ட்வானெத், ஹங்கேரியப் பாடகி. அவருடைய குடும்பத்தில் யூத வேர் உண்டு. அம்ரிதாவின் குழந்தைப் பருவம் ஹங்கேரியில் கழிந்தது. 1921இல் குடும்பம் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. 16 வயதில், 1929இல், ஓவியம் படிக்கப் பாரிஸ் போனார். 1932இல் வரைந்த ‘இளம் பெண்கள்’ என்ற படத்துக்கு அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 20.

பாரிஸில் அவர் தன்னையே திரும்பத் திரும்ப வரைந்தார். சில படங்களில் ஐரோப்பியப் பெண்ணாக, சில படங்களில் இந்தியப் பெண்ணாக. 1934இல் தன்னை ஒரு தஹிதித் தீவுப் பெண்ணாகவே வரைந்துகொண்டார். ஐரோப்பிய ஓவியர்கள் தூரத்துத் தீவுப் பெண்களை வேடிக்கைப் பொருளாக வரைந்த காலம் அது. அந்த இடத்தில் தன் உடலையே அவர் நிறுத்தியது துணிச்சல்தான். ‘நான் யார்?’ என்ற கேள்வி அவருக்கும் இருந்தது என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

1934 இறுதியில் இந்தியா திரும்பினார். ஐரோப்பா பிக்காஸோவுக்கும் மத்தீஸுக்கும் பிராக்குக்கும் சொந்தம், இந்தியா தனக்கு மட்டுமே சொந்தம் என்ற பொருளில் அவர் எழுதியது இன்றும் எல்லா ஓவிய வரலாறுகளிலும் மேற்கோளாக வருகிறது. இந்தியாவை வரைய வேறு எவரும் இல்லை, தானே வரைவேன் என்ற ஓர் இளம் ஓவியரின் தன்னம்பிக்கை அதில் இருக்கிறது. அதை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 28 வயதில், 1941 டிசம்பர் 5 அன்று, லாகூரில் இறந்துபோன அவர் அதற்குள் செய்துவிட்டுப் போன வேலை பெரிது. 1976இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வமாக அறிவித்தது. அவை நாட்டை விட்டு வெளியே விற்கப்பட முடியாது. 1937இல் அவர் வரைந்த ‘கதை சொல்லி’ 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அன்றைய தேதிக்கு ஏலத்தில் இந்திய ஓவியம் ஒன்றுக்குக் கிடைத்த உச்ச விலை அதுதான்.

ஆனாலும் நாம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ‘இந்தியா எனக்குச் சொந்தம்’ என்று அன்று யாரால் சொல்ல முடிந்தது?

1931 ஆகஸ்ட் 14 அன்று பம்பாய் மணி பவனில் காந்தியைச் சந்தித்த அம்பேத்கர், தனக்குத் தாய்நாடு என்று ஒன்று இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். நாயையும் பூனையையும்விடக் கேவலமாக நடத்தும் ஒரு நாட்டை, குடிக்கத் தண்ணீர் தராத ஒரு நாட்டை, எப்படித் தன் நாடு என்று சொல்வது என்பது அவர் வாதம். அவருடைய பெற்றோர் இருவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். பரம்பரை பரம்பரையாக இங்கேயே உழைத்தவர்கள். அவருக்கு நாடு இல்லை. பாதி ஹங்கேரிக்காரரான ஷெர்கிலுக்கு முழு இந்தியாவும் சொந்தம். இதில் அம்ரிதாவின் தவறு எதுவும் இல்லை. ஆனால் ரத்தம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது ஒருவரின் இடத்தை முடிவு செய்வதில்லை, சமூகத்தின் எந்தப் படியில் அந்த ரத்தம் கலந்தது என்பதே முடிவு செய்கிறது என்பதை இந்த இரண்டு வாக்கியங்களும் நமக்குக் காட்டுகின்றன. மேல்படியில் கலந்தால் அது பண்பாட்டுச் செழுமை. நம் படியில் கலந்தால் அது குற்றம்.

1937: நம் பக்கம் வந்த தூரிகை

1936 இறுதியில் தொடங்கி அம்ரிதா ஒரு நீண்ட பயணம் மேற்கொண்டார். அஜந்தா, எல்லோரா குகைகளைப் பார்த்தார். அஜந்தாவின் பௌத்த ஓவியங்கள் அவருடைய கோடுகளையே மாற்றின. பிறகு தெற்கே திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி என்று வந்தார். அவர் வந்து சேர்ந்த திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்றுதான் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகியிருந்தது. அதுவரை கோயிலுக்குள் விடப்படாதவர்கள் அப்போதுதான் உள்ளே கால் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். கன்னியாகுமரியும் அன்று அந்த அரசின் பகுதிதான்.

அந்தப் பயணத்தின் விளைவாக 1937இல் மூன்று பெரிய ஓவியங்கள் பிறந்தன: ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’. இணையத்தில் தேடினால் மூன்றும் கிடைக்கும். இதைப் படிக்கும் மாணவர்கள் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

‘மணப்பெண் அலங்காரத்தில்’ நடுவில் வெளுத்த நிறத்தில் மணப்பெண். அவளைச் சுற்றிக் கருத்த பெண்கள். ‘பிரம்மச்சாரிகளில்’ பூணூல் அணிந்து, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள். ‘சந்தைக்குப் போகும்’ படத்தில் கருத்த உடல்கள், வெள்ளைத் துணிகள், களைத்த முகங்கள்.

கவனியுங்கள்: முதல் இரண்டு படங்களில் இருப்பவர்களுக்குத் தலைப்பிலேயே ஒரு நிலை இருக்கிறது. ஒருத்தி மணப்பெண், அவர்கள் பிரம்மச்சாரிகள். மூன்றாவதில் இருப்பவர்கள் வெறும் ‘கிராமத்தார்’. அவர்கள் எந்தத் தெரு? ஊரா, சேரியா? சந்தையில் எந்த மூலையில் உட்கார விடுவார்கள்? அந்த மூன்று படங்களும் சேர்ந்து ஒரு சாதிச் சமூகத்தை நேர்மையாகவே காட்டிவிடுகின்றன. ஆனால் அதற்குச் சாதி என்று பெயர் வைக்கவில்லை. அம்ரிதாவின் பார்வையில் துயரம் இருந்தது, பரிவு இருந்தது. கருத்த உடலை அழகு என்று பெரிய திரைச்சீலையில் நிறுத்தியது சாதாரண விஷயமும் இல்லை. வெளுப்பே அழகு என்று அச்சடித்துத் தள்ளும் காலண்டர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு அது புரியும். இருந்தும் அவர் அந்த மக்களை வெளியிலிருந்து பார்த்தார். பார்க்கப்பட்டவர்கள் திரும்பி அவரை வரைய அன்று வழி இருக்கவில்லை.

தந்தை வழியே எண்ணும் சட்டம்

அம்ரிதாவின் கதையில் நம் மாணவிக்கு உதவும் ஒரு சின்னச் சட்ட விவரமும் இருக்கிறது. ஐரோப்பிய ரத்தமும் இந்திய ரத்தமும் கலந்தவர்களை ‘ஆங்கிலோ இந்தியர்’ என்று 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வரையறுத்தது. ஆனால் தந்தையோ தந்தைவழி ஆண் மூதாதையோ ஐரோப்பியராக இருந்தால்தான் அந்தப் பெயர். இன்றைய அரசியலமைப்பின் 366(2) பிரிவும் அதே வரையறையைத்தான் வைத்திருக்கிறது. அம்ரிதாவுக்கு ஐரோப்பியர் தாய்தான். ஆகவே அவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார். தாயின் ரத்தம் சட்டத்தின் கண்ணில் படாத ரத்தம்.

இதே தர்க்கம்தான் நம் சாதிச் சான்றிதழிலும் நெடுங்காலம் ஓடியது. தந்தை சாதியே பிள்ளைக்கு என்பது வழக்கம். தாய் தலித்தாகவும் தந்தை வேறு சாதியாகவும் இருந்து, பிள்ளை தாயோடு சேரியிலேயே வளர்ந்து எல்லா இழிவையும் அனுபவித்தாலும், ‘உன் அப்பா இன்ன சாதி’ என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். 2012 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ரமேஷ்பாய் தபாய் நாய்கா வழக்கில் இதற்கு ஒரு திருத்தம் தந்தது. தந்தை சாதி என்ற அனுமானம் இருக்கலாம், ஆனால் அது முடிவானது அல்ல. தாயின் சமூகத்தவராகவே வளர்க்கப்பட்டு, அந்தச் சமூகத்தின் இழிவுகளையும் புறக்கணிப்பையும் அனுபவித்தவர் என்று நிரூபிக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்றது.

இந்தத் தீர்ப்பை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாலுகா அலுவலகத்தில் உதவும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது கேட்கும் கேள்வி. ‘உன் ரத்தம் யாருடையது?’ என்று அது கேட்கவில்லை. ‘நீ எங்கே வளர்ந்தாய், உன்னை ஊர் எப்படி நடத்தியது?’ என்று கேட்கிறது.

1936: மெக்சிகோவில் ஒரு குடும்ப மரம்

எங்கள் மாணவி வரைந்த படம் அவளுடைய கற்பனையில் மட்டும் பிறந்ததில்லை. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் ஒரு படத்தைப் படிப்பு வட்டத்தில் பார்த்திருந்தோம். அதைப் பார்த்துத்தான் அவள் வரைந்தாள்.

ஃப்ரீடா 1907 ஜூலை 6 அன்று மெக்சிகோ நகரையொட்டிய கொயோகானில் பிறந்தவர். தந்தை கில்லெர்மோ காலோ ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய புகைப்படக்காரர். தாய் மத்தில்தே, மெக்சிகோ பூர்வகுடி ரத்தமும் ஸ்பானிய ரத்தமும் கலந்தவர். 1935 செப்டம்பரில் ஹிட்லரின் அரசு நியூரம்பெர்க் சட்டங்களைக் கொண்டுவந்தது. யூதர்களுக்கும் மற்ற ஜெர்மானியர்களுக்கும் இடையே திருமணம் தடை செய்யப்பட்டது. ஒருவர் யார் என்பதைத் தாத்தா பாட்டி நால்வரைக் கொண்டு அரசு முடிவு செய்தது. ‘சுத்த ரத்தத்தை’ நிரூபிக்கக் குடும்ப மரம் வரைந்து காட்டச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே, 1936இல், ஃப்ரீடாவும் ஒரு குடும்ப மரம் வரைந்தார்: ‘என் தாத்தா பாட்டிகள், என் பெற்றோர், நான்’. வீட்டு முற்றத்தில் சின்னக் குழந்தையாக நிற்கும் ஃப்ரீடாவின் கையில் ஒரு சிவப்பு நாடா. அது மேலேறிப் போய், மெக்சிகோ மண்ணுக்கு மேல் தாய்வழித் தாத்தா பாட்டியையும், கடலுக்கு மேல் தந்தைவழித் தாத்தா பாட்டியையும் இணைக்கிறது. நாஜிகள் சுத்தத்தை நிரூபிக்கக் கேட்ட அதே மரத்தை, கலந்து பிறந்ததைப் பெருமையோடு சொல்ல ஃப்ரீடா பயன்படுத்திக்கொண்டார் என்று கலை வரலாற்றாளர்கள் பலர் இதை வாசிக்கிறார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. தன் தந்தை ஹங்கேரிய யூத வம்சம் என்று ஃப்ரீடா சொல்லி வந்தார். பின்னாளில் ஆய்வாளர்கள் ஜெர்மனியின் ஆவணங்களைத் தேடியபோது அந்தக் குடும்பம் லூத்தரன் கிறித்தவக் குடும்பம் என்று தெரிந்தது. பிறந்த ஆண்டையும் மெக்சிகோ புரட்சி வெடித்த 1910 என்றே அவர் சொல்லிக்கொண்டார். இவற்றைப் பொய் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். நாம் வேறு விதமாகப் படிக்கிறோம்: யூதர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில் வேட்டையாடப்பட்டவர்கள் பக்கமும், புரட்சியின் பக்கமும் தன்னை நிறுத்திக்கொள்ள அவர் விரும்பினார். அவருடைய அடையாளத்தில் பிறப்பின் பங்கு பாதி என்றால், அவர் எடுத்த பக்கத்தின் பங்கு மறுபாதி.

‘காஸ்தா’ என்ற சொல்

மெக்சிகோவுக்கும் நமக்கும் இடையே ஒரு சொல் உறவு இருக்கிறது. சாதிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஸ்ட்’ என்ற சொல், குலம், இனவழி என்ற பொருளில் போர்த்துகீசியரும் ஸ்பானியரும் பயன்படுத்திய ‘காஸ்தா’விலிருந்து வந்தது. போர்த்துகீசியர் அதை இங்கே கொண்டுவந்து நம் சாதிகளுக்குச் சூட்டினார்கள். ஸ்பானியர் அதை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோய், ஸ்பானியர், பூர்வகுடிகள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் ஆகியோர் கலந்து பிறந்தவர்களுக்குச் சூட்டினார்கள்.

18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில் ‘காஸ்தா ஓவியங்கள்’ என்று ஒரு வகையே இருந்தது. பெரும்பாலும் 16 படங்கள் கொண்ட தொகுதி. ஒவ்வொன்றிலும் ஒரு தந்தை, ஒரு தாய், ஒரு பிள்ளை. இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்தால் பிள்ளைக்கு இன்ன பெயர் என்று ஒரு குறிப்பு. மிகெல் கப்ரேரா 1763இல் வரைந்த தொகுதி இவற்றில் புகழ்பெற்றது. ஸ்பானியரிலிருந்து விலக விலக உடையும் தொழிலும் வீடும் தாழ்ந்துகொண்டே போகும். இதைப் படிக்கும்போது நம் நினைவுக்கு வருவது மனு தர்மத்தின் 10ஆம் அத்தியாயம். இன்ன வர்ணத்துத் தந்தைக்கும் இன்ன வர்ணத்துத் தாய்க்கும் பிறந்தால் இன்ன பெயர், இன்ன தொழில் என்று அதுவும் பட்டியல் போடுகிறது. சூத்திரத் தந்தைக்கும் பிராமணத் தாய்க்கும் பிறந்தவனே சண்டாளன், மனிதரில் கடைப்பட்டவன் என்கிறது. தீண்டாமைக்கு மனு சொன்ன காரணமே கலப்புதான்!

மெக்சிகோவின் விடுதலைப் போர் இந்தக் கணக்கை உடைத்தது. 1813இல் ஹோசே மரியா மொரெலோஸ் முன்வைத்த ஆவணம் அடிமைமுறையும் காஸ்தா வேறுபாடும் என்றென்றைக்கும் ஒழிய வேண்டும் என்றது. ஆனால் கதை அங்கே இனிதாக முடியவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ‘நாம் எல்லோரும் மெஸ்டிசோ, எல்லோரும் கலந்தவர்கள்’ என்பது அங்கே அரசின் கொள்கையைப் போலவே ஆனது. 1925இல் ஹோசே வாஸ்கான்செலோஸ் அதற்கு ஒரு நூலே எழுதினார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ‘எல்லோரும் கலந்தவர்கள்’ என்ற பேச்சின் நிழலில் பூர்வகுடிகளின் நிலமும் மொழியும் காணாமல் போயின. ஆப்பிரிக்க வழி மக்கள் இருக்கிறார்கள் என்பதே மறைந்துபோனது. 2019இல்தான் மெக்சிகோவின் அரசியலமைப்பு அவர்களை அங்கீகரித்தது. 2020 கணக்கெடுப்பில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களை அப்படி அடையாளப்படுத்திக்கொண்டார்கள்.

‘இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க?’ என்று நம்மிடம் சொல்பவர்களின் மெக்சிகோ அண்ணன்தான் அந்தப் பேச்சு. சாதி இருக்கும்போதே சாதி இல்லை என்பதும், ஒடுக்குமுறை இருக்கும்போதே எல்லோரும் ஒன்று என்பதும் ஒரே தந்திரம்.

அதே 1936, அண்ணல்

ஃப்ரீடா குடும்ப மரம் வரைந்த அதே 1936இல், மே 15 அன்று, ‘சாதியை அழித்தொழித்தல்’ வெளிவந்தது. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அழைத்துவிட்டுப் பின்வாங்கியதால், பேசப்படாத அந்த உரையை அம்பேத்கர் தன் செலவில் 1500 பிரதிகள் அச்சிட்டார்.

அதில் அவர் ரத்தச் சுத்தம் என்ற கதையை உடைக்கிறார். சென்னை மாகாணத்துப் பிராமணருக்கும் அதே மண்ணின் பறையருக்கும் இன வேறுபாடு என்ன இருக்கிறது என்று கேட்கிறார். இந்திய மக்கள் எல்லோரும் கலந்து பிறந்தவர்களே, சாதி என்பது இனங்கள் கலந்தபிறகு வந்தது, கலந்தவர்களை மறுபடி கலக்கவிடாமல் தடுக்கும் வேலி அது என்பது அவர் முடிவு. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே, அகமணமுறைதான் சாதியின் உயிர் என்று சொல்லியிருந்தார். 2013இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வெளியிட்ட மரபணு ஆய்வும் இதற்கு இசைவாகவே பேசியது: ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்குள்ள மக்கள் பரவலாகக் கலந்தார்கள்; அதன்பிறகு அகமணம் இறுகியது.

அப்படியானால் யார் கலப்பு, யார் கலப்பில்லாதவர்? சாதி மறுப்பு மணத்தில் பிறந்த பிள்ளையைப் பார்த்து ‘பாதி’ என்பவர், தான் மட்டும் முழுமை என்று நினைத்துக்கொள்கிறார். வரலாற்றில் அப்படி ஒரு முழுமை இல்லை.

இங்கே நம் சொற்களையும் கவனிப்போம். அரசு தரும் நிதியுதவித் திட்டத்தின் பெயரிலேயே ‘கலப்புத் திருமணம்’ என்றுதான் இருக்கிறது. இரண்டு சுத்தமான பொருள்கள் சேர்ந்தால்தான் கலப்பு. பாலில் தண்ணீர் சேர்ந்தால் கலப்படம். அந்தச் சொல்லுக்குள் மனு உட்கார்ந்திருக்கிறார். ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்று நம் இயக்கங்கள் சொல்வதன் காரணம் இதுதான். அந்த இருவரும் எதையும் கலக்கவில்லை. ஒன்றை மறுத்தார்கள்.

மறுத்ததற்கு விலை கொடுக்கிறார்கள். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டத்தில் ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். மேலே பாரிஸில் நடந்தால் இரு பண்பாடுகளின் சங்கமம். இங்கே நடந்தால் ஆணவக்கொலை.

பெயரை நாமே வைத்துக்கொண்ட வரலாறு

‘நீ யார்?’ என்ற கேள்விக்கு மற்றவர்கள் சொன்ன பதிலை ஏற்காமல், தாங்களே பதில் சொன்ன முன்னோர்கள் நமக்கு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, நாம் தீண்டத்தகாதவர்களாகப் பிறந்தவர்கள் இல்லை, பூர்வ பௌத்தர்கள், சாதி பேதமற்றவர்கள் என்று எழுதினார். அவருக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். ஒருவர் இழிபெயரை மறுத்தார். மற்றவர் அதையே கொடியாகப் பிடித்தார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் ‘ஆதி திராவிடர்’ என்ற பெயரைச் சென்னை அரசு ஏற்றது. வழிகள் வேறு, ஆனால் மூன்றிலும் அடையாளம் ரத்தத்தைச் சோதித்து வந்த முடிவாக இல்லை. போராடி எடுத்துக்கொண்ட பெயராக இருந்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணல் பௌத்தம் தழுவியதும் அதே வழிதான்: பிறப்பு தன் கையில் இல்லை, மற்றது தன் கையில் உண்டு.

காலிச் சட்டங்கள்

அம்ரிதாவின் தந்தை கையில் கேமரா இருந்தது. ஃப்ரீடாவின் தந்தை கையிலும் கேமரா இருந்தது. தாய்வழித் தாத்தாவும் புகைப்படக்காரரே. ‘நான் யார்’ என்று வரைய உட்கார்ந்தபோது அவர்கள் இருவருக்கும் முன்னோர் முகங்கள் மேசைமேல் தயாராக இருந்தன. எங்கள் மாணவிக்கு ஒரு வாக்காளர் அட்டை இருந்தது.

கேமரா நம் கைக்கு வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதற்கு மதுரையின் பழனிக்குமார் ஓர் எடுத்துக்காட்டு. மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை அவர் படமெடுத்த பிறகுதான் அந்தத் துயரத்துக்கு முகம் கிடைத்தது. 2017இல் வந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவும் அவருடையதுதான். வரையப்பட்டவர்கள் வரையத் தொடங்கும் காலம் இது.

ஆகவே பெரியவரின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். பாதி என்று எவரும் இல்லை. அம்மா மறுத்தார், அப்பா மறுத்தார். அவள் அந்த இரண்டு மறுப்பின் பிள்ளை. சான்றிதழில் அவள் எழுதும் சமூகம், அவள் பாட்டி கழுத்து முறியப் பட்டாசு ஆபீஸில் குழாய் உருட்டிய சமூகம். அது அவள் வளர்ந்த இடம், ஊர் அவளை நடத்திய விதம், அவள் பெற வேண்டிய உரிமை. அம்மாவைப் பெற்றவர்களின் முகம் தெரியாதது அவள் குறை இல்லை; கதவைச் சாத்தியவர்களின் குறை. ‘சாதியே இல்லை, எல்லோரும் ஒன்று’ என்ற இனிப்புப் பேச்சில் அவள் அதைக் கரைத்துவிடவும் வேண்டாம். ‘நீ முழுசா எங்க ஆள் இல்ல’ என்று நம் பக்கத்திலிருந்து எவராவது சொன்னால், மனுவின் அளவுகோலை நாமும் கையில் எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

கண்காட்சி முடிந்து படங்களைக் கழற்றும்போது, அந்த மூன்று சட்டங்களில் என்ன வரையப் போகிறாய் என்று அவளிடம் கேட்டோம். அப்பாவைப் பெற்ற தாத்தாவை, பெரியப்பா போன்றவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைவேன் என்றாள். மூக்கு எப்படி, மீசை எப்படி என்று சொல்ல இன்னும் ஆள் இருக்கிறது. மற்ற இரண்டையும் அப்படியே விடுவேன் என்றாள்.

“அவங்க கதவத் தெறந்தா வரைஞ்சுக்கலாம். அதுவரைக்கும் காலியா இருக்குறதும் என் குடும்பப் படந்தான.”

பெரியவர் அடுத்த ஞாயிறு மாலை படிப்பு வட்டத்துக்கு வந்தார். தாத்தாவின் மீசையைப் பற்றிச் சொல்ல.

ஜெய் பீம்.